ஒன்றாம் நம்பர் தண்டு

உலோகத்தைச் சோதித்துச் சொல்கிற தொழிலில் ஒரு சாபம் உண்டு: ஒரு பொருள் நன்றாக இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டுமானால், அந்த நல்ல பொருளை முதலில் அறுத்துக் கெடுக்க வேண்டும். இப்படிப்பட்ட பிழைப்பில் யாரிடம் நல்ல பெயர் வாங்குவது? விடைத்தாள் திருத்துகிறவர்கள், கணக்கைத் தணிக்கை செய்கிறவர்கள், கல்யாண வீட்டுச் சாம்பாரில் உப்புப் பார்க்கக் கூப்பிடப்படுகிறவர்கள் என்று என் கட்சிக்காரர்கள் சிலராவது இதை வாசிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. மதராஸில் இயற்பியல் படித்து முடித்து மலேசியாவில் என் ஊருக்குத் திரும்பி, ஆசிரியர் வேலைக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை. ஈப்போவில் ஒரு பட்டறையில் சோதனை அறைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். நான் குடியிருந்த சிலிபினிலிருந்து ஒரே பஸ். சேர்ந்துவிட்டேன். ரப்பர் தோட்டங்களின் பால் ஸ்டோரில், பெரிய தொட்டிகளில் கொட்டிய பாலைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கலக்கிக்கு அலுமினியத் தண்டு செய்வதுதான் எங்கள் பட்டறையின் முக்கிய வேலை. நீளமான கம்பி ஒன்று, அதன் தலையில் துடுப்பைப் பூட்டத் தடித்த துண்டு ஒன்று. இந்த இரண்டையும் ஒட்ட நெருப்பும் கிடையாது, பற்றுக்கம்பியும் கிடையாது. ஒன்றை இயந்திரம் பிடித்துச் சுழற்றும். மற்றதை அதன் முகத்தோடு முகம் வைத்து அழுத்தும். உரசுகிற சூட்டில் இரண்டு முகங்களும் களிமண்ணாய் இளகும். அந்த நேரம் பார்த்துச் சுழற்சியை நிறுத்தி, ஓங்கி ஒரு தள்ளு. பிதுங்கிய உலோகம் சட்டைக் காலர் மாதிரி சுற்றிலும் சுருண்டு நிற்கும். காலரைக் கடைந்து எடுத்துவிட்டால் இரண்டும் ஒரே தண்டு.

வேகம் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, எத்தனை விநாடி, கடைசித் தள்ளு எவ்வளவு: இந்த நான்கும் சேர்ந்துதான் உலோகத்தின் உள்ளே இருக்கும் நுண்ணிய படிக மணிகள் எப்படி அமைய வேண்டும் என்று முடிவு செய்கின்றன. அளவு சரியாக இருந்தால் ஒட்டிய இடத்தில் மணிகள் நொய்யரிசி போலப் பொடிந்து நெருங்கி நிற்கும். உரசல் நீண்டுபோனால் பக்கத்தில் ஒரு பட்டை வெந்து குழைந்து வலுவிழக்கும். அறுத்து, தேய்த்து, அமிலத்தில் நனைத்து, நுண்ணோக்கியில் இதைப் பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. பார்ப்பதற்கு அழகான வேலை. சொல்லத் தொடங்கினால்தான் சங்கடம்.

நேற்று மாதிரி

இயந்திரத்தை ஓட்டியவர் மாணிக்கம் அண்ணன். தோட்டத்தில் பிறந்து, தோட்டத்துத் தொழிற்சாலையில் எண்ணெய் போட்டுப் பழகி, ஈப்போவுக்கு வந்தவர். ஒவ்வொரு தண்டுக்கும் அந்த நான்கு அளவுகளையும் எழுதி வைக்கும்படி கட்டம் போட்ட நோட்டு ஒன்றை அவரிடம் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து வாங்கிப் பார்த்தேன். வேகம்: நேற்று மாதிரி. அழுத்தம்: நேற்று மாதிரி. நேரம்: நேற்று மாதிரி. முதல் நாள் பக்கத்தைப் புரட்டினேன். அங்கேயும் நேற்று மாதிரி.

கடிகாரத்தோடு பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்ப்பதே இல்லை. சுழற்சியின் சத்தம் முதலில் கீச்சென்று இருக்கும். உலோகம் இளக இளக அது கனத்து, மாவு அரைக்கிற ஆட்டுக்கல் போல ஆகும். அந்த மாற்றத்தைக் கேட்டு நிறுத்துவார். காலை நேரத்தில் அவர் காதும் என் கடிகாரமும் அநேகமாக ஒத்துப்போயின. சாப்பாட்டுக்குப் பிறகு காதுக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது. இதை எடுத்துச் சொல்லி, "எழுதினால்தானே அண்ணே எது மாறியது என்று கண்டுபிடிக்க முடியும்?" என்றேன். அவருக்கு என்மேல் உண்மையாகவே பரிதாபம் வந்துவிட்டது.

"ஒரு கண்ண நோட்டுலயும் ஒரு கண்ண மெசின்லயும் வச்சிட்டா, காது யாருகிட்ட இருக்கும் மிஸ்?"

கெட்டதை வெட்டுங்கள்

முதலாளி சீனர். தோட்டத்துக் கடைக்காரர் மகனாகப் பிறந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் எங்களைவிடச் சரளமாகத் தமிழ் பேசுவார்; கடைசியில் ஊர் வழக்கப்படி ஒரு 'லா' மட்டும் ஒட்டிக்கொண்டு வரும். முதலாளி என்ற பொருளில் எல்லாரும் அவரைத் தவுக்கே என்போம். நான் வாரத்துக்கு ஒரு நல்ல தண்டை அறுக்கிறேன் என்று தெரிந்ததும் என் அறைக்கு வந்தார். அறுத்த துண்டைக் கையில் எடுத்து, அடிபட்ட கோழிக்குஞ்சைப் பார்ப்பது போலப் பார்த்தார். "பின்னாடி உடஞ்சது, வளஞ்சது எல்லாம் குவிஞ்சு கெடக்கு. அத வெட்டுங்கலா மிஸ். நல்லத எதுக்கு வெட்டுறீங்க?"

கெட்டதை அறுத்தால் கெட்டது ஏன் கெட்டது என்றுதான் தெரியும், அனுப்பப்போகும் நல்லது உள்ளேயும் நல்லதுதானா என்பது தெரியாது என்று விளக்கினேன். மணிகளைப் பற்றிச் சொன்னேன். வெளியே பளபளப்பாக இருந்து உள்ளே வெந்துபோன பட்டையைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். எழுந்து, கதவருகே போய்த் திரும்பினார்.

"நல்லதுன்னு தெரியாமலா அத நான் நல்லதுன்னு சொல்லிட்டு இருக்கேன்?"

ஒரே படம்

முதல் மாதத்தில் நுண்ணோக்கி வழியாக ஒரு படம் எடுத்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அவ்வளவு அழகு. நடுவில் நொய்மணிகள், இரண்டு பக்கமும் மணிகள் நீண்டு வளைந்து, காற்றில் சாய்ந்த நாணல் போல. அதைச் சட்டம் போட்டு என் மேசைமேல் வைத்தேன். ஒரு நாள் காணவில்லை. பல மாதங்கள் கழித்து, அனுப்பும் பகுதியில் ஒரு பெட்டியைத் திறந்தபோது சோதனைச் சான்றோடு அந்தப் படத்தின் பிரதி இருந்தது. அடுத்த பெட்டியிலும் அதே படம். அதற்கடுத்ததிலும். அந்த வருஷம் பேராக் மாநிலத்தில் எங்கள் தண்டு வாங்கிய தோட்டம் எல்லாவற்றுக்கும் என் முதல் மாதத்து நாணல் போய்ச் சேர்ந்திருந்தது.

தவுக்கேயிடம் போய், இது பொய்ச் சான்று, ஒவ்வொரு பெட்டியும் வேறு வேறு உலோகம், வேறு வேறு சூடு என்று படபடத்தேன். அவர் "தாப்பா" என்றார். பரவாயில்லை என்பதற்கு மலாய்க்காரர் சொல்லும் சொல். பட்டறையில் எந்தக் குற்றத்தையும் துடைக்க அந்த ஒரு துணியைத்தான் வைத்திருந்தார். நான் நகராமல் நின்றதும்தான் விளக்கம் வந்தது.

"பொண்ணு பாக்க ஒரு போட்டோதானே குடுக்குறாங்க மிஸ்? தெனம் ஒண்ணு எடுத்தா அனுப்புறாங்க?"

சித்தியவானிலிருந்து ஒரு சாக்கு

எண்பதுகள் பிறந்த பிறகு ஒரு நாள். சித்தியவான் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தொழிற்சாலைக் குமாஸ்தா, கிராணியார் வீராசாமி, ஒரு சாக்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். சாக்கை என் மேசையில் கவிழ்த்தார். மூன்று தண்டுகள். மூன்றும் ஒட்டிய இடத்தில் கத்தரித்தது போல உடைந்திருந்தன. கடைசியாக உடைந்தபோது துடுப்பு தொட்டிக்குள் விழுந்து, அதை எடுப்பதற்குள் காலையில் மரப்பட்டையை வெட்டி வடித்துக் கொண்டுவந்த பால் அத்தனையும் உறைந்துவிட்டதாம். விடியுமுன் எழுந்து மரம் வெட்டிய பெண்கள் தொட்டியைச் சுற்றி நின்று வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்களாம். எங்கள் பெட்டிகள் நாளுக்கு ஒன்றாகப் போகும். ஒவ்வொரு தண்டிலும் அன்றைய வரிசை எண்ணைக் குத்தியிருப்போம். வீராசாமி உடைந்த தலைகளைத் திருப்பிக் காட்டினார். மூன்றிலும் ஒன்று என்ற எண். "ரெண்டு, மூணு, பத்து எல்லாம் ஒழுங்கா சுத்துது. ஒண்ணாம் நம்பருக்கு மட்டும் என்ன மிஸ் கேடு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தவுக்கேக்குத் தெரிந்திருந்தது. வீராசாமி போனதும் பட்டறை முழுக்கப் பார்க்க மாணிக்கம் அண்ணனைக் கூப்பிட்டார். காலையில் வந்ததும் அரைத் தூக்கத்தில் முதல் தண்டைப் போடுகிறாய், இன்னும் ஒன்று உடைந்து வந்தால் வேறு இடம் பார்த்துக்கொள் என்றார். மாணிக்கம் அண்ணன் இயந்திரத்துக்குத் திரும்பிப் போனார். மாலையில் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"எங்க தோட்டத்தத் துண்டு போட்டு வித்தாச்சு மிஸ். திரும்பிப் போறதுக்கு லயம்கூட நிக்கல."

கறுப்புக் கோடு

அனுப்பாமல் இருந்த ஒன்றாம் நம்பர் தண்டு ஒன்றை அறுத்தேன். தாள்களில் தேய்த்து, வெல்வெட் துணியில் மெருகேற்றி, அமிலத்தில் நனைத்துப் பார்த்தால், ஒட்டிய இடத்தின் நட்டநடுவே கண்மை தீட்டியது போல ஒரு கறுப்புக் கோடு. ஏதோ அழுக்கு. இரண்டாம் நம்பரை அறுத்தேன். கோடு இல்லை.

அந்த வாரம் முழுவதும் நான் செய்ததைக் கேளுங்கள். காலையில் இயந்திரத்தின் எண்ணெய் குளிர்ந்திருப்பதால் அழுத்தம் குறைகிறதோ என்று, வெறுமனே ஓடவிட்டுச் சூடேற்றிய பிறகு முதல் தண்டைப் போடச் சொன்னேன். கோடு இருந்தது. இரவெல்லாம் கிடங்கில் கிடந்த கம்பியில் ஈரமோ என்று வெயிலில் காயவைத்தேன். கோடு இருந்தது. மாணிக்கம் அண்ணனிடம் போய், ஒட்டும் முகத்தைத் தின்னர் போட்டுத் துடைக்கிறீர்களா, முதல் தண்டில் ஏதாவது அழுக்கு, தூசு, எண்ணெய் படுகிறதா என்று மூன்று தரம் கேட்டேன். பிள்ளைகள்மேல் சத்தியம் செய்து, சுத்தமாகத் துடைக்கிறேன் என்றார். பொய் சொல்கிற ஆள் இல்லை. அவரையே நுண்ணோக்கியில் பார்க்க வைத்தேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல், கையால் பொத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது என் கையெழுத்து இல்ல மிஸ்."

ஏழு மணி

பட்டறைக்கு ஏழு மணிக்குச் சங்கு. சோதனை அறைக்கு எட்டரை. நான் சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான். ஒன்றாம் நம்பர் தண்டு பிறக்கும்போதெல்லாம் நான் சிலிபின் பஸ் நிறுத்தத்தில் நின்றிருக்கிறேன் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. என் மூளையின் வேகமும் நேற்று மாதிரிதான். மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

மாணிக்கம் அண்ணன் இயந்திரத்தைச் சூடேற்றினார். முதல் கம்பியை எடுத்துத் தின்னர் நனைத்த துணியால் அதன் முகத்தை அழுத்தித் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மறுபடியும் துடைத்தார். குறை சொல்ல முடியாத சுத்தம். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். துடைத்த அந்த முகத்தில் மூன்று விரலால் திருநீறு பூசினார். நடுவே ஒரு குங்குமப் பொட்டு. கண்களை மூடினார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கைகூப்பினார்கள். கடைசல் வேலை பார்க்கும் சீனக் கிழவர்கூடத் தலையைத் தாழ்த்தினார். மாணிக்கம் அண்ணன் பொத்தானை அழுத்தினார். ஒன்றாம் நம்பர்.

"எத்தனை நாளா அண்ணே இது?" என்றேன். "மெசின் வந்த நாள்ல இருந்து." பட்டறையில் அத்தனை பேருக்கும் தெரியும். ஒரு வாரமாக நான் எண்ணெயைச் சூடேற்றியதையும் கம்பியைக் காயவைத்ததையும் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். "நான் உங்களிடம் மூன்று தரம் கேட்டேனே!" என்று கத்திவிட்டேன். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை.

"நீங்க அழுக்கப் பத்தித்தானே மிஸ் கேட்டீங்க?"

யார் பூசுவது

இதை இப்படியே எழுதிக் கொடுத்திருந்தால் மாணிக்கம் அண்ணன் அன்றைக்கே வெளியே போயிருப்பார். ஆனால் இயந்திரம் வந்த நாளிலிருந்து பூசுகிறார் என்றால், இத்தனை வருஷம் ஏன் ஒன்றுகூட உடையவில்லை? என் இழுப்பறையில் ஆரம்ப காலத்து மாதிரிகள் கிடந்தன. காலர் கடையாத ஒரு பழைய ஒன்றாம் நம்பரை எடுத்துப் பார்த்தேன். அதன் காலர் பெரியது, நன்றாகச் சுருண்டது. இப்போதைய தண்டின் காலர் பாதிகூட இல்லை. பழைய காலரை அறுத்துப் பார்த்தேன். கறுப்பு எல்லாம் அங்கே இருந்தது. ஓங்கித் தள்ளும்போது திருநீறு இளகிய உலோகத்தோடு சேர்ந்து வெளியே பிதுங்கிக் காலராகிவிடும். காலரைத்தான் கடைந்து எறிந்துவிடுகிறோமே.

யார் தள்ளைக் குறைத்தது? கடைசல் கிழவர் சொன்னார். பெரிய காலரைக் கடைய நேரமாகிறது என்று, இரண்டு மாதம் முன்பு தவுக்கேதான் வந்து அழுத்தத் திருகைப் பின்னால் திருப்பிவிட்டுப் போனாராம். மாணிக்கம் அண்ணன் வழக்கம்போல அதை நோட்டில் எழுதவில்லை.

தவுக்கேயிடம் வாயால் சொல்லிப் பயனில்லை. அவர் கண்முன்னே செய்துகாட்ட முடிவு செய்தேன். இரண்டு தண்டுகள். இரண்டிலும் திருநீறு. ஒன்றுக்குப் பழைய தள்ளு, ஒன்றுக்குப் புதிய தள்ளு. ஒட்டியதும் இரண்டையும் அழுத்தும் இயந்திரத்தில் வைத்து வளைக்க வேண்டும். உடைவது எது என்று பார்த்துக்கொள்ளலாம். எல்லாம் தயார். மாணிக்கம் அண்ணன் பொட்டலத்தைத் தொட மறுத்துவிட்டார். "ஒடைக்கிறதுக்குன்னு சாமியக் கூப்பிடச் சொல்றீங்களா மிஸ்? என்னால ஆகாது." வேலை போகும் அண்ணே என்றேன். போகட்டும் என்றார். நானே பூசலாம் என்று கையை நீட்டினேன். மதராஸ் படிப்பெல்லாம் எங்கோ போய், நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். தவுக்கே பொறுமையிழந்து, "குடுலா, நான் பூசுறேன்" என்று பொட்டலத்தைப் பறிக்கப் போனார். மாணிக்கம் அண்ணன் அதை மார்போடு அணைத்துக்கொண்டார். "கை கழுவுனீங்களா தவுக்கே?" கழுவவில்லை. வேறு வழியில்லாமல் மாணிக்கம் அண்ணனே இரண்டு முகங்களிலும் பூசி, இரண்டிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

பழைய தள்ளில் ஒட்டியது கொக்கி மாதிரி வளைந்தது. ஒரு கீறல்கூட இல்லை. புதிய தள்ளில் ஒட்டியது, கொஞ்சம் வளைவதற்குள் டக்கென்று இரண்டானது. உடைந்த முகத்தின் நடுவே, பொட்டு வைத்த இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். மாணிக்கம் அண்ணன் இரண்டு துண்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பட்டறையில் அவர் முதலாளியை நேராகப் பார்த்துப் பேசி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

"சாமி வெளிய போகத்தான் பாத்தாரு தவுக்கே. நீங்கதான் வாசல அடச்சிட்டீங்க."

வீராசாமியின் கேள்வி

தவுக்கே தவறு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து போய் அழுத்தத் திருகைத் தன் கையாலேயே பழைய இடத்துக்குத் திருப்பினார். திரும்பி வரும்போது மாணிக்கம் அண்ணனிடம், "நாளைக்கு ஏழு மணிக்கு வந்துருலா" என்றார். பதினைந்து வருஷமாக ஏழு மணிக்கு வருகிறவரிடம் அப்படிச் சொன்னால் வேலை போகவில்லை என்று அர்த்தம். அன்று இரவாவது அந்த மனிதர் தூங்கியிருப்பார். நான் தூங்கவில்லை. தள்ளைப் பழையபடி வைத்தாலும், ஒட்டும் முகத்தில் எதையும் பூசக்கூடாது என்பது என் முடிவு. ஒரு நாள் நடுவில் கொஞ்சம் தங்கிவிட்டால்? மாணிக்கம் அண்ணனோடு இரண்டு நாள் வாதாடினேன். கடைசியில் பூசுவதை இயந்திரத்தின் நெற்றியோடு நிறுத்திக்கொள்ளச் சம்மதித்தார். என் வேலைக்காலத்தில் நான் ஜெயித்த ஒரே வழக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தியவானுக்குப் புதிய தண்டுகள் தயாராயின. எடுத்துப்போக வீராசாமி வந்தார். அழுத்தம் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது, ஒட்டும் முகங்களில் இனி எதுவும் பூசப்படாது என்று நான் எழுதிய அறிக்கையை வரி விடாமல் வாசித்தார். "இனிமே எதுவும் பூசப்படாதுன்னு போட்டிருக்கீங்களே. அப்ப முன்னாடி என்னத்தப் பூசுனீங்க?" என்றார். வந்தது வினை. மன்னிப்புக் கேட்கத் தயாராகி, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். வீராசாமியின் முகம் கறுத்தது. அறிக்கையை நாலாக மடித்து மேசைமேல் வைத்துவிட்டார். "போன தடவ உடஞ்சதுக்குக்கூட நான் இவ்வளவு வருத்தப்படல மிஸ். திருநீறு வைக்காத தண்ட எந்தத் தைரியத்துல நான் பால் ஸ்டோர்ல மாட்டுறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாணிக்கம் அண்ணன் பொட்டலத்தோடு வந்துவிட்டார். முடிந்து, கடைந்து, மெருகேற்றிய தண்டுகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, வெளிப்புறத்தில் பட்டை போடத் தொடங்கினார். ஒன்றாம் நம்பர் மட்டும் அல்ல, இந்தத் தடவை எல்லா நம்பருக்கும். வெளியே பூசினால் தண்டுக்கு ஒன்றும் ஆகாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் அறிக்கை அங்கே மடங்கிக் கிடக்கிறதே? நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்பது போலத் தவுக்கேயைப் பார்த்தேன். அவர் கடமை தவறாத முதலாளியாக ஒரு தண்டைக் கையில் எடுத்து, சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார்.

"மாணிக்கம், இந்தப் பக்கம் சரியா படலலா. இன்னொருவாட்டி பூசு."

அதன்பிறகு செய்த தண்டுகளில், நான் அங்கே இருந்த காலம் முழுவதும், ஒன்றுகூட உடைந்து வரவில்லை. உடைந்ததற்குக் காரணம் கண்டுபிடித்தவள் என்ற பெயர் எனக்கும், உடையாததற்குக் காரணம் என்ற பெயர் திருநீற்றுக்கும் நிலைத்துவிட்டன.